எதற்குப் பிரமாணிக்கம்?

ஒலிக்கருவி அன்பர்கள் தங்கள் கலைக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘ஹை-ஃபை’. உயர்ந்த பிரமாணிக்கம் என்பது அதன் பொருள். திருமண வார்த்தைப்பாட்டில் நாம் வழங்கும் அதே சொல்தான். பாடியவரின் குரல் எவ்வாறு எழுந்ததோ அவ்வாறே, கூட்டாமலும் குறைக்காமலும், கேட்பவரின் அறைக்கு வந்து சேரவேண்டும் என்பது அவர்களது குறிக்கோள். அதற்காக ஒலிபெருக்கிகளை ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்க்கிறார்கள்; ஒரு வடத்தின் தரத்தைப்பற்றி இரவு முழுவதும் வாதிடுகிறார்கள். அது கிடக்கட்டும். அவர்களிடையே நிலவும் வேறொரு பழக்கமே இங்கு நம் கவனத்திற்குரியது. தமக்குப் பிடித்த ஒலிப்பதிவை மற்றவருக்கு எடுத்துச் சொல்லி, ‘இதை நீங்கள் அவசியம் கேட்கவேண்டும்’ என்று வற்புறுத்தும் பழக்கம் அது.

இப்பழக்கத்தில் ஒரு பெருந்தன்மை உண்டு. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு தட்டை இரவல் கொடுப்பது எளிய செயலாக இருந்ததில்லை. தேய்ந்துபோன முள் ஒரேயொரு முறை ஓடினாலும் தட்டின் வரிப்பள்ளம் சிதைந்துவிடும், சிதைந்தது மீளாது. ஆகவே தட்டை ஒருவர் கையில் கொடுப்பதென்றால் அவரது கருவியையும், அவரது விரல்களின் பொறுமையையும் நம்பிக் கொடுப்பதாகும். பிரிட்டனில் 1923-ஆம் ஆண்டு நாவலாசிரியர் காம்ப்டன் மக்கென்சி ‘கிராமஃபோன்’ என்ற இதழைத் தொடங்கினார். (இவர் 1914-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பது நம் வாசகர்களுக்கு உவப்பான செய்தி.) ஊர்கள்தோறும் இசைத்தட்டுச் சங்கங்கள் பெருகி, 1936-இல் அவற்றுக்கெனக் கூட்டமைப்பு ஒன்றும் உருவாயிற்று. ஒருவர் தம் தட்டுகளைக் கொணர்ந்து, அவற்றைப்பற்றிச் சில சொற்கள் கூறி, இயக்குவார். மற்றவர்கள் அமைதியாக அமர்ந்து கேட்பார்கள். இன்று ஒரு பெயரைச் சொன்னால் போதும், கேட்பவர் தம் கைப்பேசியிலேயே அதைத் தேடி எடுத்துவிடுகிறார். கொடுப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. இழப்பு இல்லாத இடத்தில் பரிந்துரைகள் மலிந்துவிடுவதும் இயல்பே.

ஆயினும் கருவி அன்பர்களின் பரிந்துரைகளைப் படிக்கும்தோறும் ஓர் உறுத்தல் எழுகிறது. அவர்கள் ஒரு பாடலைப் புகழும் மொழியைச் சற்று உற்றுநோக்குங்கள். முரசின் அடி எவ்வளவு ஆழம், வயலின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது, பாடகி மூச்சு வாங்குவது கேட்கிறதா, எந்த ஆண்டு எந்த ஆலையில் அச்சான தட்டு, அதன் உள்விளிம்பில் கீறியுள்ள எண் யாது — இவையே பேச்சு. பாடல் எதைப் பாடுகிறது என்பது கடைசி வரியில் வந்தால் வரலாம். 1976-இல் ஸ்டாக்ஹோமின் ‘ஸ்டாம்பன்’ என்ற இசை விடுதியில் பதிவான ‘ஜாஸ் அட் த பான்ஷாப்’ என்னும் தட்டை நல்ல கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள். ஆனால் அதைச் சிபாரிசு செய்வோரில் பலர் முதலில் குறிப்பிடுவது, அங்கு அமர்ந்திருந்தவர்களின் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையை! 1962-இல் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழை நிறுவிய ஜே. கார்டன் ஹோல்ட் இந்நோயை நன்கு அறிந்தவர். ஒலிப்பதிவு சிறக்கச் சிறக்க வாசிப்பு மோசமாகும், வாசிப்பு சிறக்கச் சிறக்கப் பதிவு மோசமாகும் என்று அவர் வகுத்த வேடிக்கை விதி இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. துறைக்குள்ளிருந்தே வந்த கண்டனமாதலால் அதற்கு மதிப்பு அதிகம்.

இந்த உறுத்தல் எனக்கு மிகக் கூர்மையாக ஏற்பட்டது ‘மீசா கிரியோலா’வைப்பற்றிய பரிந்துரைகளிலேதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் திருவழிபாட்டைப்பற்றிய சாசனத்தை வெளியிட்டு, தாய்மொழி வழிபாட்டிற்கு வாயிலைத் திறந்தது. அந்த வாயில் வழியே முதலில் நுழைந்தவர்களுள் ஒருவர் ஆர்ஜென்டினா நாட்டு இசையமைப்பாளர் ஆரியேல் ரமீரெஸ். திருப்பலியின் மாறாப் பகுதிகளை ஸ்பானிய மொழியில், தம் மண்ணின் தாளங்களிலும் கருவிகளிலும் அமைத்து, 1964-இல் நிறைவு செய்தார். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்ற மன்றாட்டிற்கு அவர் எடுத்துக்கொண்டது விதாலா, பாகுவாலா என்னும் வடிவங்கள். ஆளரவமற்ற மலைப்பீடபூமியின் தனிமையைச் சுமந்து வருபவை. அதில் ஒலிக்கும் முரசின் பெயர் ‘போம்போ லெகுவேரோ’. மரத்தைக் குடைந்து தோல் போர்த்திச் செய்வது. ஒரு காவதத்திற்கு அப்பாலும் அதன் ஒலி கேட்கும் என்பதால் வந்த பெயர்.

இந்த முரசுதான் வினையாயிற்று. ஹோசே கரேராஸ் பாடிய 1987-ஆம் ஆண்டின் பதிவு, ஸ்பெயினில் ஒரு திருத்தலத்தில் எடுக்கப்பட்டது. ஒலிப்பதிவின் தரத்தில் அதற்குக் குறைசொல்ல இடமில்லை. எனவே அது கருவி அன்பர்களின் விருப்பப் பட்டியல்களில் நிலையான இடம் பெற்றது. ஏன் கேட்கவேண்டும்? தாழ்ந்த ஒலியை உங்கள் ஒலிபெருக்கி தாங்குகிறதா என்று பார்க்க! தொடக்கத்து முரசையும், அதன்பின் எழும் பாடகற்குழுவையும் கேட்டு, அறை அதிர்கிறதா என்று சோதித்துவிட்டு, அடுத்த தட்டிற்குப் போய்விடுகிறார்கள். ஆண்டவரே என்று தொடங்கி, கிறிஸ்துவே என்று அழைத்து, மீண்டும் ஆண்டவரிடம் திரும்புவது அம்மன்றாட்டின் அமைப்பு. தொடக்கத்தோடு நிறுத்திவிட்டால், கிறிஸ்துவை அழைக்கும் நடுப்பகுதி அந்த அறைக்கு வந்து சேர்வதே இல்லை.

இந்தப் படைப்பின் கருவைப்பற்றி ரமீரெஸ் பிற்காலத்தில் எடுத்துரைத்த செய்தி ஒன்றுண்டு. இளமையில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பகுதியிலிருந்த ஒரு கன்னியர் மடத்தில் அவர் தங்கியிருந்தார். அங்கு சமையற்கட்டில் பணிபுரிந்த இரு அருட்சகோதரிகள் நாத்சி ஆட்சிக்கால நிகழ்ச்சி ஒன்றை அவரிடம் கூறினர். மடத்திற்கு எதிரேயிருந்த மாளிகையில் அக்காலத்தில் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். உதவினால் மரணம் என்று தெரிந்தும், சகோதரிகள் இரவில் உணவுப் பொட்டலங்களை வேலிக்கடியில் வைத்து வந்தனர். காலையில் அவை எடுக்கப்பட்டிருக்கும். ஒருநாள் பொட்டலம் எடுக்கப்படாமல் கிடந்தது. மறுநாளும் அப்படியே. பொட்டலங்கள் அங்கேயே குவிந்தன, உள்ளிருந்தவர்கள் அகற்றப்பட்டுவிட்டார்கள். இச்சகோதரிகளுக்காக ஆழ்ந்த சமய உணர்வுள்ள ஒன்றைப் படைக்கவேண்டும் என்று ரமீரெஸ் அன்று உறுதி பூண்டார். படைப்பையும் அவர்களுக்கே காணிக்கையாக்கினார்.

எடுக்க ஆளில்லாமல் குவிந்த அப்பத்திலிருந்து பிறந்த மன்றாட்டு, ஒலிபெருக்கியின் தாழ்சுருதிக்கு உரைகல்லாகப் பயன்படுகிறது. இதை நான் பக்திக் குறைவு என்று கண்டிக்கவில்லை. சமயப்பற்று இல்லாதவரும் இசையை முழுமையாகக் கேட்கக் கடமைப்பட்டவரே. பிரமாணிக்கக் குறைவு என்றுதான் கண்டிக்கிறேன். தோலின் அதிர்வுக்கு உண்மையாயிருந்துவிட்டு, அந்தத் தோலை அடித்தவன் சொல்ல வந்ததைக் கைவிடுவது எவ்வகைப் பிரமாணிக்கம்?

இனி அவர்கள் தரப்பையும் சொல்லவேண்டும். ஏனெனில் நம்மில் பலர், ‘பாடலின் பொருள் போதும், ஒலி எப்படியிருந்தால் என்ன?’ என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம் ஆலயங்களில் இரைச்சலிடும் ஒலிபெருக்கிகளே அதற்குச் சாட்சி. கிரகோரியோ அல்லேக்ரி என்ற உரோமைக் குரு 17-ஆம் நூற்றாண்டில் 51-ஆம் திருப்பாடலுக்கு அமைத்த இசையை எடுத்துக்கொள்வோம். புனித வாரத்தில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாடப்பட்டது அது. 1770-இல் பதினான்கு வயது மொசார்ட் கேட்டு, நினைவிலிருந்தே எழுதினார் என்பதும் தெரிந்த கதை. அதில் ஐந்து குரல்களின் குழு ஒன்று, நான்கு குரல்களின் குழு ஒன்று. இடையில் எளிய தனிச் சந்தம். இரு குழுக்களும் மாறி மாறிப் பாடி, இறுதியில்தான் ஒன்றுசேர்கின்றன. ‘டாலிஸ் ஸ்காலர்ஸ்’ குழுவினர் 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரிச் சிற்றாலயத்தில் இதைப் பதிவு செய்தபோது, சிறிய குழுவைத் தொலைவில் நிறுத்தினார்கள். கருவி அன்பர்கள் இப்பதிவைப் பரிந்துரைக்கையில், ‘அந்தத் தொலைவைக் கேளுங்கள்’ என்கிறார்கள். இங்கே அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. தொலைவு இவ்விசையில் அலங்காரமன்று. அமைப்பின் ஓர் உறுப்பு. பாவத்தை அறிக்கையிடும் குரல் அருகிலிருந்தும், இன்னதென்று சொல்லமுடியாத ஒரு தூரத்திலிருந்து மற்றொரு குரலும் எழுகின்றன. மலிவான கருவியில் இரண்டும் ஒரே தகட்டில் ஒட்டிக்கொண்டு விடும். திருப்பாடலின் பாதிப் பொருள் போய்விடும். மெர்ட்டன் பதிவைப்பற்றிப் பேசுபவரும் மீசா கிரியோலாவைப்பற்றிப் பேசுபவரும் ஒரே செவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருவருடைய செவி படைப்புக்குள் போகிறது. மற்றவருடையது தம் அலமாரியிலிருக்கும் கருவிக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த இழுபறி பழையது. புனித அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்’களின் பத்தாம் புத்தகத்தில் இதனோடு போராடுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை மிகுதியாக அசைத்துவிடும்போது அதைக் குற்றமென உணர்ந்து, கேளாதிருப்பதே நலம் என்கிறார். ஆனால் மனந்திரும்பிய நாட்களில் ஆலயப் பாடல்களைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரையும் நினைத்துக்கொள்கிறார். ஆலயத்தில் பாடும் வழக்கத்தை ஏற்கும் பக்கமே சாய்கிறார். அவரிடம் ஒரு நல்ல ஒலிபெருக்கி இருந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பாரோ!

கருவி அன்பர்கள் போற்றும் பதிவுகள் பல ஆலயங்களில் எடுக்கப்பட்டவை என்பது தற்செயலன்று. கல்லும் உயரமும் வெறுமையும் குரலுக்குச் செய்வதை எந்த நிலையமும் செய்துவிட முடியாது. 1987 நவம்பர் 27-இல் கனடாவின் ‘கௌபாய் ஜங்கீஸ்’ குழுவினர், டொரான்டோவில் ஓர் ஆங்கிலிக்கன் ஆலயத்தில், ஒற்றை ஒலிவாங்கியைச் சுற்றி நின்று ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தனர். ஆலயத்தாரிடம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று சொல்லி இடம் பெற்றார்களாம்! 1976-இல் ஸ்டாக்ஹோமின் ஆஸ்கர் ஆலயத்தில் பதிவான ‘கந்தாத்தே தோமினோ’ இன்னும் புகழ்பெற்றது. டோர்ஸ்டன் நீல்சன் நடத்திய அந்த ஆலயத்தின் சொந்தப் பாடகற்குழு, அங்குள்ள ஆர்கன், வீட்டு ஆர்வலர்களும் வைத்திருந்த ரகத்தைச் சேர்ந்த ஒரு ரெவாக்ஸ் பதிவுக்கருவி, இவ்வளவே. எல்லாப் பாடல்களும் ஒரே உயரத்தில் இல்லை என்பது என் கருத்து. போஸ்ஸியின் முதற்பாடலுக்கும் கடைசியில் வரும் ‘வைட் கிறிஸ்மஸ்’ பாடலுக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் கொடுத்தது சற்றுத் தாராளம்தான். இருந்தும் அத்தட்டில், ஒரு பங்கின் குழுவினர் தமக்குப் பழகிய ஆலயத்தில், எதிரொலி எங்கே திரும்பும் என்று அறிந்து, அதற்கு இடம்விட்டுப் பாடுவதைக் கேட்கலாம். நம் பாடகற்குழுக்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பட்டியல்களில் இடம்பெற வழியற்ற ஒன்றையும் பரிந்துரைக்க விரும்புகிறேன். ருமேனியப் பியானோக் கலைஞர் தினு லிபாத்தி 1950 செப்டம்பர் 16-ஆம் நாள் பிரான்சின் பெசான்சோன் நகரில் தந்த கச்சேரி வானொலிக்காகப் பதிவாயிற்று. ஒற்றைத் தடப் பதிவு. இடம், ஆழம் எதுவும் இல்லை. பியானோவின் ஒலியும் ஒடுங்கித்தான் கேட்கிறது. எந்தக் கருவியையும் இதைக்கொண்டு விற்கமுடியாது. பாக், மொசார்ட், ஷூபர்ட் முடிந்து, ஷோப்பனின் 14 வால்ட்ஸ்களை வாசிப்பதாக ஏற்பாடு. 13 வாசித்தார். கடைசி ஒன்றிற்கு உடல் இடங்கொடுக்கவில்லை. டிசம்பர் 2-ஆம் நாள், 33-ஆம் வயதில், காலமானார்.

இச்செய்தியைச் சொல்லித்தான் இத்தட்டை எல்லோரும் கைமாற்றிக்கொள்கிறார்கள். நான் அவ்வாறு செய்வதில்லை. அருட்சகோதரிகளின் கதை மீசா கிரியோலாவின் வேரில் இருப்பது. லிபாத்தியின் நோயை மொசார்ட்டும் ஷோப்பனும் அறியமாட்டார்கள். அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால், கேட்பவர் மரணத்தைத் தேடிக் கேட்கத் தொடங்கிவிடுவார். முரசைத் தேடிக் கேட்பதைவிட அது எந்தவகையில் மேல்? ஆகவே மொசார்ட் சொனாட்டாவின் இரண்டாம் பகுதியை முதலில் கேளுங்கள், இரைச்சலுக்குச் செவி சற்று நேரத்தில் பழகிவிடும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். மற்றதைத் தட்டின் உறையில் அவர்களே பிறகு படித்துக்கொள்ளட்டும்.