ஐதராபாத் வெயிலில் ஒரு கச்சேரி கிட்டார்

கையால் செய்யப்படும் கச்சேரி கிட்டாரின் உயிர் அதன் மேற்பலகையில் இருக்கிறது. ஆறு நைலான் நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் இழுக்கின்றன. அதைத் தாங்கும் பலகையின் தடிமன் 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். தடிமன் கூடினால் ஒலி அடைத்துக்கொள்ளும். குறைந்தால் சில ஆண்டுகளில் நரம்புகள் கட்டப்படும் பிரிட்ஜுக்கு முன்னால் பலகை குழிந்துவிடும். கைவினைஞர் பலகையை இழைத்து, வளைத்துப் பார்த்து, விரலால் தட்டிக் கேட்டு, மறுபடி இழைக்கிறார். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால் அளவுகோல் மட்டும் இங்கே போதாது.

இன்றைய கிட்டாரின் அமைப்பு ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அன்டோனியோ டி டோர்ரெஸ் (1817–1892) வகுத்தது. 650 மில்லிமீட்டர் நரம்பு நீளம், பெரிய உடல், மேற்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் ஏழு மெல்லிய சட்டங்கள் ஆகியவை அவரால் நிலைபெற்றன. ஒலியைப் பிறப்பிப்பது மேற்பலகையே என்று காட்ட, 1862இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிட்டாரை முடித்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்மன் ஹவுசர் இதே வழியில் 1937இல் செய்த கிட்டாரை ஸ்பெயினின் கிட்டார் மேதை ஆந்த்ரே செகோவியா கால் நூற்றாண்டு வாசித்தார்.

அரங்குகள் பெரிதானபோது ஒலி போதவில்லை என்ற குறை எழுந்தது. அதற்கு இரண்டு விடைகள் வந்தன. ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் மேற்பலகையைப் பாதியளவுக்கு மெலிதாக்கி, அடியில் பால்சா மரமும் கார்பன் இழையும் கொண்ட கட்டச் சட்டங்களை ஒட்டினார். பின்பலகையைக் கனமாக, வளைவாகச் செய்தார். கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் 1980களின் தொடக்கத்திலிருந்து வாசித்தது இவர் செய்த கிட்டார்களையே. ஜெர்மனியின் மத்தியாஸ் டாமன் வேறு வழியில் போனார். மிக மெல்லிய இரண்டு மரத்தகடுகள். அவற்றுக்கு நடுவே தேன்கூடுபோல் அறைகள் கொண்ட நோமெக்ஸ் தாள். விமானப் பாகங்களில் பயன்படும் இந்தப் பொருளால் பலகை விறைப்பும் பெறுகிறது, எடையும் இழக்கிறது. கிட்டார் கலைஞர்கள் டேவிட் ரஸ்ஸல், மானுவல் பர்ருவேகோ இருவர் கையிலும் டாமன் கிட்டார் உண்டு.

மடியில் வைத்த உடனேயே வேறுபாடு தெரியும். விசிறிச் சட்டக் கிட்டார் ஒன்றரைக் கிலோவை ஒட்டியே நிற்கும். கட்டச் சட்டக் கிட்டார் கணிசமாகக் கனக்கும். பின்னதில் மென்மையாகத் தொட்டாலே ஒலி பொங்கி எழுகிறது, முதல் நரம்பின் மேல் ஃபிரெட்களில் சுரம் நீண்டு நிற்கிறது. ஆனால் வலக்கையைப் பிரிட்ஜ் அருகிலும் ஒலித்துளைக்கு மேலும் மாற்றி மாற்றி மீட்டும்போது, பழைய கட்டமைப்பு காட்டும் நிறபேதம் இதில் குறைவு. இரட்டைத் தகட்டுக் கிட்டார் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் குறை பழுதில்தான்: மேல்தகடு அரை மில்லிமீட்டர் சொச்சமே இருப்பதால், பள்ளம் விழுந்தால் இழைத்துச் சமன் செய்ய மரம் மிச்சமிருக்காது.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் உலகெங்கும் விரும்பப்படும் மரம் தென்னிந்தியாவின் ஈட்டி, அதாவது தோதகத்தி. நீலகிரி, வயநாடு, குடகுப் பகுதிகளில் வளரும் இம்மரம், பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது அதன் இடத்தைப் பிடித்தது. மாட்ரிட்டின் ராமிரெஸ் பட்டறையும் 1960களில் இதற்கு மாறியது. பளபளப்புக்குப் பூசும் ஷெல்லாக் நம் அரக்குதான். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரப்பது. கைவினைஞர் துணிப் பொட்டலத்தில் அதை நனைத்து மெல்லிய பூச்சுகளாக நாள்கணக்கில் தேய்த்து ஏற்றுகிறார். தடித்த செயற்கை வார்னிஷைப்போல் அது பலகையின் அசைவைக் கட்டிப்போடாது. வியர்வை பட்டால் மங்கும் என்பதால், ஐதராபாத்தில் வலது முன்கைக்கு அடியில் ஒரு துணி அவசியம். ஸ்பெயினில் பிறந்த வாத்தியத்தின் உடலில் இவ்வளவு இந்தியா இருப்பதை இங்கே வாங்குபவர்களில் பலர் கவனிப்பதில்லை.

ஐதராபாத்தில் இந்த வாத்தியத்துக்கு உண்மையான சோதனை ஆண்டுதோறும் வருகிறது. மே மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். ஆகஸ்டில் 80 சதவீதத்தைத் தொடும். 37 சென்டிமீட்டர் அகலமுள்ள மேற்பலகை இந்த இடைவெளியில் குறுக்குவாட்டில் சில மில்லிமீட்டர் சுருங்கவோ விரியவோ முயல்கிறது. சுற்றிலும் ஒட்டப்பட்டிருப்பதால் அசைய வழியில்லை. கோடையில் விரிசல் விடுகிறது, மழைக்காலத்தில் உப்பி நரம்பின் உயரத்தைக் கூட்டுகிறது. பலாக்கட்டையைக் குடைந்து செய்யும் தஞ்சாவூர் வீணைக்குச் சுவர் தடிமனானது; மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு வெயிலில் இளகினால் மேளம் கட்டித் (மெட்டுகளை மீண்டும் பதித்துத்) தரக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கிட்டாருக்கு அப்படிப்பட்ட மறுசீரமைப்பு எளிதல்ல.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பலகைகள் எந்த ஈரப்பதத்தில் ஒட்டப்பட்டன என்பது. 45 சதவீதத்துக்கு அருகில் ஒட்டியிருந்தால் நம்பலாம். ஈரமான கடலோரப் பட்டறையில் கட்டுப்பாடின்றி ஒட்டிய கிட்டார், தக்காணத்தின் முதல் கோடையிலேயே வாய் பிளக்கும். அடுத்து, 12ஆம் ஃபிரெட்டில் நரம்பின் உயரம்: மெல்லிய நரம்புக்கு 3, தடித்த நரம்புக்கு 4 மில்லிமீட்டர் வழக்கமானது. பிரிட்ஜின் மேல் நரம்புகள் தங்கும் பட்டையான சேடிலில் மேலும் இறக்க இடம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின் ஒவ்வொரு நரம்பிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசித்து, சட்டென்று வீங்கி உடனே அணைந்துபோகும் சுரம் உண்டா என்று கேட்க வேண்டும். ஆறாம் நரம்பின் 3, 4ஆம் ஃபிரெட்களில் ஓரளவு இருக்கலாம், ஏனெனில் பெட்டிக்குள் உள்ள காற்றின் அதிர்வு அந்தச் சுரங்களுக்கு அருகில் விழுகிறது. முதல் நரம்பில் இருந்தால் அந்தக் கிட்டார் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு ஒரு ஆறுதல்: 2017இல் ஈட்டி மரத்துக்கு வந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு.

ரவீந்திர பாரதி போன்ற பெரிய அரங்குகளில் ஒலிவாங்கி எப்படியும் வைக்கப்படும். அங்கே கட்டச் சட்டத்தின் கூடுதல் ஒலி வீண்; அதற்காக நிறபேதத்தை விட்டுக்கொடுப்பது நட்டம். ஐதராபாத்தில் வாசிப்பவருக்கு ஏற்றது, ஈட்டி மர உடலும் விசிறிச் சட்டமும் கொண்ட, ஈரப்பதம் அளந்து ஒட்டப்பட்ட கிட்டார். வாங்கிய பின் மார்ச் முதல் ஜூன் வரை பெட்டிக்குள் ஈரப்பதமூட்டி இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விட வேண்டாம்.