இணையத்தில் அமெரிக்க அடிமைகளின் வாய்மொழிச் சான்றுகள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்க வரலாற்றைக் கற்பிப்போர்க்கு இணையம் வழங்கியுள்ள மூலங்களுள் தலையாயது எதுவென வினவின், அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் வலைத்தளத்தில் உள்ள முன்னாள் அடிமைகளின் நேர்காணல் தொகுப்பையே நாம் சுட்டுவோம். பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த எழுத்தாளர்க்கும் பிறர்க்கும் பணி வழங்க அரசு தோற்றுவித்த கூட்டாட்சி எழுத்தாளர் திட்டத்தின் பணியாளர்கள், 1936 முதல் 1938 வரை திரட்டிய 2,300க்கும் மேற்பட்ட சான்றுகளும் ஏறத்தாழ 500 ஒளிப்படங்களும் அதில் அடங்கும். 1941இல் 17 தொகுதிகளாக அமைக்கப்பெற்ற அவற்றின் தட்டச்சுப் பக்கங்களையே இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாணவர் திரையில் படிக்கலாம். இவ்வாய்ப்பின் அருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், அப்பக்கங்கள் யாரால், எச்சூழலில், எவ்வாறு எழுதப்பட்டன என்பது படிப்பவர்க்குத் தாமாகப் புலப்படுவதில்லை. இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகிறது.

தென் கரோலினா தொகுதியில் உள்ள ஒரு சான்று ஈண்டு நோக்கத்தக்கது. 1937இல் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் என்னும் மூதாட்டியை இருவர் தனித்தனியே நேர்கண்டனர். ஒருவர் ஜெசி பட்லர் என்னும் வெள்ளையர்; மற்றவர் அகஸ்டஸ் லாட்சன் என்னும் கறுப்பினத்தவர். பட்லரின் பதிவில் மூதாட்டி தம் பழைய உடைமையாளரை நல்லவர் எனப் போற்றுகிறார். லாட்சனின் பதிவிலோ, உறவினர் முன்னறிவிப்பின்றி விற்கப்பட்டுப் பிரிக்கப்பட்டதும், அவர்தம் கதறல் இரவும் பகலும் கேட்டதும், கசையடிகளும் விரிவாக இடம்பெறுகின்றன. தம்மை அரசு உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்தவர் என மூதாட்டி எண்ணிக்கொண்டதாகப் பட்லரே குறித்துள்ளார். வறுமையில் வாடிய முதியவர் ஒருவர், உதவித்தொகை தரக்கூடியவர் எனத் தாம் கருதிய வெள்ளையரிடம் எதைச் சொல்லியிருப்பார், எதை விழுங்கியிருப்பார் என்பதை விளக்க நீண்ட கோட்பாடுகள் தேவையில்லை. இவ்விரு பதிவுகளையும் ஒப்பிட்டு ஜேம்ஸ் டேவிட்சன், மார்க் லிட்டில் ஆகியோர் எழுதிய ஆய்வு இத்துறையில் நன்கறியப்பட்டதாகும்.

இணையத்திற்கே உரிய சிக்கல் இதன் பின்னரே எழுகிறது. பட்லரின் பதிவில் மூதாட்டியின் குடும்பப்பெயர் ஹேம்லின். லாட்சனின் பதிவில் ஹேமில்டன். ஒரு பெயரை மட்டும் தேடுபொறியில் இட்டுத் தேடும் மாணவர்க்கு மற்றொரு பதிவு அகப்படாமலே போகலாம். அச்சுத் தொகுதியைப் புரட்டுபவர் வேறொன்றைத் தேடும்போதும் இரண்டையும் காண வாய்ப்புண்டு. தேடல் முடிவோ கேட்டதை மட்டும் தனியே பெயர்த்தெடுத்துத் தருகிறது. மேலும், நேர்கண்டவரின் பெயர் பக்கத்தில் இருப்பினும் அவர் எவ்வினத்தவர் என்பது பெரும்பாலும் அங்கே இராது. இத்தொகுப்பின் குறைபாடுகளை நார்மன் யெட்மன் எழுதிய அறிமுகக் கட்டுரை நேர்மையாகவே எடுத்துரைக்கிறது. நூலகமும் அதனைத் தளத்தில் வெளியிட்டுள்ளது. ஆயின் அது தனிப் பக்கத்தில் உள்ளது. கூகுள் வழியாக நேரே ஒரு சான்றின் நடுவே வந்திறங்கும் மாணவர் அப்பக்கத்தை நாடுவது அரிது.

தொகுப்பு முழுமையானது என்னும் எண்ணமும் களையப்பட வேண்டியதே. மாநிலங்களில் எடுக்கப்பட்ட நேர்காணல்கள் யாவும் வாஷிங்டனுக்கு அனுப்பப்படவில்லை. ஜார்ஜ் ராவிக் 1970களில் மாநில ஆவணக் காப்பகங்களில் தேடி வெளியிட்ட துணைத் தொகுதிகள் இதற்குச் சான்று. மிசிசிப்பிக்குக் காங்கிரசு நூலகத் தொகுப்பில் உள்ள இடம் மிகச் சிறிது. ஆர்க்கன்சாஸ் பகுதியோ ஏழு பாகங்களாக விரிகிறது. இந்த எண்ணிக்கையைக் கொண்டு அடிமைமுறையின் பரவலை அளக்க முயல்வது தவறாகும்.

தமிழாசிரியராகிய நம்மை மிகுதியும் ஈர்ப்பது இச்சான்றுகளின் மொழியே. கறுப்பினத்தவரின் பேச்சு சிதைந்த எழுத்துக்கூட்டலில் அமைய, நேர்கண்டவரின் கூற்றுப் பெரும்பாலும் செவ்விய ஆங்கிலத்தில் நிற்கிறது. திட்டத்தில் பணியாற்றிய கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன், பேச்சின் மரபுத்தொடர்களைக் காப்பதே முதன்மையானது, ஒலிப்பை எழுத்தில் வடிப்பது அதற்கு அடுத்தது என அறிவுறுத்தினார். பலர் அதனைப் பின்பற்றவில்லை. ஒலிப்பால் எழுத்து வேறுபடாத சொல்லையும் வேண்டுமென்றே பிழையாக எழுதுவது எதற்கு? கதைமாந்தருள் கூலித் தொழிலாளிக்கு மட்டும் கொச்சையும் முதலாளிக்குத் தூய தமிழும் தரும் நம் புனைகதைகளை அறிந்த வாசகர்க்கு விடை விளங்கும். ஆதலால் இச்சான்றுகளை மொழிபெயர்ப்புப் பயிற்சியாக அளிக்கும் ஆசிரியர், அக்கொச்சையைத் தமிழ் வட்டார வழக்கொன்றுக்கு மாற்றும்படி மாணவரைப் பணிப்பது பொருந்தாது என்பது நம் கருத்து. அது எழுதியவரின் மேட்டிமையையும் சேர்த்தே மொழிபெயர்ப்பதாகும். தொடரமைப்பையும் உவமைகளையும் காத்து எளிய தமிழில் தருவதே தக்கது.

ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுப் பழகிய துறை நம்முடையது. படியெடுத்தவரின் கையை மூலத்திலிருந்து பிரித்தறியும் அப்பயிற்சி இங்கும் பயன்படும். சூசனின் இரு பதிவுகளையும் பெயரிடாமல் மாணவரிடம் தந்து, அவற்றைப் படித்து முடித்த பின்னரே நேர்கண்டவர் யாவர் என்பதை அறிவிப்பது ஒருவகைப் பயிற்சி.

அதனினும் பயனுடையது, அதே நூலகம் வெளியிட்டுள்ள ஒலிப்பதிவுகளை உடன் கேட்பிப்பது. 1932 முதல் 1975 வரை பதிவான அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டோரின் குரல்கள் உள்ளன. 1949இல் பால்டிமோரில் பதிவான ஃபவுண்டன் ஹியூஸ், தம் பாட்டனார் தாமஸ் ஜெபர்சனுக்கு உரிமையானவர் எனக் கூறுகிறார். மீண்டும் அடிமையாவதினும் துப்பாக்கியால் தம்மை மாய்த்துக்கொள்வதே மேல் என்கிறார். தட்டச்சுப் பதிவுகள் பலவற்றில் கேள்விகள் நீக்கப்பட்டுக் கதை தானாகவே பெருகுவதுபோல் தோன்றும். இவ்வொலிப்பதிவிலோ கேட்பவரின் குரலும், அதற்கு ஏற்பச் சொல்பவர் பேச்சைத் திருப்புவதும், இடையிடையே நிறுத்துவதும் தெளிவாகக் கேட்கின்றன.