கோழி அடையும் வேளை

சூரியன் மறைந்து, ஆனால் விளக்கேற்ற இன்னும் மனம் வராத அந்தக் கால் மணி நேரத்தில், பகலெல்லாம் கொல்லையைக் கிளறிப் பாழாக்கிய கோழிகள், யாரும் அழைக்காமலே, ஒவ்வொன்றாகக் காலை நிறுத்தி, தலையைச் சாய்த்து வானத்தை ஒரு கண்ணால் அளந்துவிட்டு, கூட்டை நோக்கி நடக்கத் தொடங்கும் காட்சியை உட்கார்ந்து பார்த்து ரசித்திராதவர், கோழி வளர்ப்பைப் பற்றி எத்தனை புஸ்தகம் படித்திருந்தாலும், கோழிக்கூட்டின் லட்சணம் இன்னதென்று அறிந்தவராகமாட்டார் என்பது என் அபிப்பிராயம். கூடு அந்திக்காக ஏற்பட்டது. பகலில் கோழிக்கு அங்கே உள்ள காரியம் முட்டையிடுவது ஒன்றே. மற்ற நேரமெல்லாம் அது நடை சாத்திய கோயில்போலச் சும்மா நிற்கிறது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு மனைக்கோழியைக் காட்டுகிறார்: மாலையில் வேலிப்பக்கம் வெருகு வந்துவிட, பேடை கலங்கிப்போய்த் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. அந்தப் பேடையின் கலக்கத்துக்கு மரத்தாலும் கம்பியாலும் பதில் சொல்வதுதான் கூடு கட்டும் வித்தை முழுவதும்.

இது எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டு விடைக்கோழிகள் பிழைத்திருக்கும். முதற்கூட்டை நான் கோழிக்காகக் கட்டவில்லை. தாழ்வாரத்து ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று கட்டினேன். பச்சை வர்ணம், தகரக் கூரை, முன்புறம் முழுதும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலை. கடையில் அதைக் கோழிவலை என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்; கோழி வெளியே போகாமல் அது தடுக்குமே தவிர, வேறொன்று உள்ளே வராமல் தடுக்காது. வந்தது மரநாய். முருங்கைக் கிளை வழியாகக் கூரைக்கு இறங்கி, கட்டுக்கம்பி தளர்ந்திருந்த ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. காலையில் எஞ்சியது இறகும், பச்சை வர்ணமும்.

அதன் பிறகே, நம் வீடுகளில் எந்தச் சாஸ்திரமும் படியாதவர்கள் செய்துவைத்த பொருள்களை மரியாதையோடு பார்க்கலானேன். பஞ்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மூங்கிலைச் சிம்புகளாகக் கிழித்து, கீழே அகன்று மேலே குவியும்படி முடைந்து கவிழ்த்துவிட்டால், உள்ளே காற்று போகிறது, வெயில் பொடிப்பொடியாக விழுகிறது, பருந்தின் கால் மட்டும் போவதில்லை, நிழல் நகர்ந்தால் ஒரு கையால் தூக்கி நிழலோடு நகர்த்திவிடலாம். வேண்டாததென்று அதில் ஒரு சிம்பைக்கூட உருவ முடியாது. இராப்பொழுதுக்கு மட்டும் பஞ்சாரம் போதாது.

இரண்டாவது கூடு ஆறடி நீளம், நாலடி அகலம். ஆறு கோழிகளுக்கு ஆளுக்கு நாலு சதுர அடி. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால்கள்மீது நிற்கிறது. ஆகவே பெருச்சாளி பறித்தாலும் அதன் உழைப்பு வீண். நீளவாட்டம் கிழக்கு மேற்காக வைத்ததால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில்தான் விழுகின்றன. தகரத்தைக் கழற்றிவிட்டு நாட்டு ஓடு வேய்ந்தேன். காற்றுக்கண் கோழியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் தூங்குகிற பறவைமீது வாடை அடிக்கும், அறவே இல்லாவிட்டால் எச்சத்திலிருந்து எழும் நெடி அதன் மூச்சைக் கெடுக்கும். வலை, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ். இவற்றைச் சொல்லிக்கொண்டு போவதில் எனக்குப் பெரிய உற்சாகமில்லை, தச்சரே பார்த்துக்கொள்வார்.

தச்சரிடம் விடக் கூடாதது, கோழி உட்கார்ந்து தூங்கும் குறுக்குக்கட்டை. கோழி தரையில் படுக்க விரும்பும் பிராணியன்று. காட்டில் மரக்கிளையில் இராத் தங்கிய அதன் முன்னோரின் ஸ்வபாவம், நம் குப்பைமேட்டில் எத்தனை தலைமுறை மேய்ந்தும் போகவில்லை. கட்டை இரண்டு அங்குலக் கனம் இருக்க வேண்டும், விளிம்புகள் உளியால் மழுங்கடிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் விரல்களை விரித்து ஊன்றி, அவற்றின்மீது வயிற்றிறகைப் போர்த்தி உட்கார முடியும். முட்டைப் பெட்டியைவிடக் கட்டை உயரத்தில் இருப்பது முக்கியம்; இல்லையேல் முட்டையிடும் வைக்கோலில் படுத்துத் தூங்கி அதை அசிங்கம் செய்துவிடும். அதைவிட முக்கியம், இரண்டு கட்டை போட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பது. நார்வே தேசத்து தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவர், பிள்ளைப் பிராயத்திலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்து, எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டென்பதை 1922இல் பிரசுரித்தார். ஏணிப்படிபோலக் கட்டை அமைத்தால், அந்த வரிசை தினந்தோறும் அந்தியில் மேற்படிக்காக மறுபடி நிர்ணயமாகும். சிறகடியும் கூச்சலுமாக இருட்டும் வரை வழக்கு நடக்கும். ஒரே மட்டமானால் நடுவிடம் யாருக்கு என்ற சில்லறைத் தகராறோடு முடிந்துவிடும்.

கோழிகளுக்கு நான் தூரம் போகவில்லை. பெருவிடை கம்பீரமானது, நீண்ட காலும் விறைத்த கழுத்துமாக நிற்கும்போது சேவற்கொடியின் ஞாபகம் வரும், ஆனால் கொல்லைக்கு ஏற்றது சிறுவிடை. குட்டையான உடம்பு, அடை காப்பதில் அலாதியான பொறுமை. ஐந்து பேடை, ஒரு சேவல். ஊரில் சேவல் இரண்டு வேண்டுமென்று சொன்னார்கள். எனக்கு ஒரு கொக்கரக்கோவே போதுமானதாக இருந்தது. வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் அசட்டை கூடாது. வந்தால் கூடே காலி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி என்பது முறை. கால்நடை பராமரிப்புத் துறையினர் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறார்கள். குமாவூன் மலையில் ராணிக்கெட் என்று ஓர் அழகிய ஊர் இருக்கிறது. பாவம், இந்த நோய்க்கு அதன் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

தீவன விஷயத்தில் எனக்குப் பரம சந்தோஷம் அளித்தது ஒரு பழம்பானை. கிழிந்த கோணி, காய்ந்த சாணம், பழைய ஓலை எல்லாவற்றையும் அதில் திணித்து, நனையும்படி நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடமாகப் பார்த்து அந்தியில் கவிழ்த்துவிட வேண்டும். விடிந்ததும் நிமிர்த்தினால் கோணியின் ஒவ்வோர் இழையிலும் வெண்மையாக நெளிகிறது. பானையின் விளிம்பு தரையைவிட்டு எழும் ஓசைக்கே குஞ்சுகள் ஓடி வந்துவிடும். நான் கோணியை உதறுவதற்குள் என் கால்விரல் இடுக்கிலும் அலகு விழும். செலவு ஒரு காசு இல்லை. வீட்டு வாசற்கால்களை அரிக்கும் ஜன்மசத்துரு குஞ்சின் மார்புச் சதையாக மாறுகிறது.

முட்டையைப் பற்றி ஒன்று. கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாக ஒரு நாளும் ஏறக்குறைய ஒரு மணி நேரமும் ஆகிறது. அதில் பெரும்பாகம், சுமார் இருபது மணி நேரம், ஓடு படிவதற்கே செலவாகிறது. அதனால் இன்று காலை எட்டு மணிக்குக் கேறிய கோழி நாளைக்கு ஒன்பதுக்குக் கேறும்; நாளடைவில் பிற்பகலுக்குத் தள்ளிப்போய் ஒரு நாள் இடாமலே ஓய்ந்து நிற்கும். பதினைந்து முட்டைக்குள் அடைக்கு உட்கார்ந்துவிடும். இருபத்தோரு நாள். அந்த நாள்களில் அதன் அடியில் கை விட்டால் உள்ளங்கையில் ஏறும் வெப்பத்தையும், அடிவயிற்றிலிருந்து எழும் அந்த உறுமலையும் எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது.

நேற்றும் அந்தியில் எண்ணினேன். சேவல் முதலில் ஏறவில்லை. கடைசிப் பேடை ஏறும் வரை ஏணியடியில் நின்றது. நடுவிடத்துக்காக ஒரு சிறு கொத்தல், பிறகு தொண்டைக்குள் ஒரு முனகல், பிறகு ஒன்றுமில்லை. தாழைப் போட்டுவிட்டு வந்து, போட்டோமா என்ற சந்தேகத்தில் திரும்பிப் போய்ப் பார்த்தேன், போட்டுத்தான் இருந்தேன். காலையில் கூட்டின் ஓட்டின்மேல் மரநாய் இருந்துவிட்டுப் போன அடையாளம் கிடந்தது: கறுத்த எச்சம், அது முழுக்கப் பப்பாளி விதைகள். கிணற்றடிப் பப்பாளியில் நாளைக்குப் பறிக்கலாம் என்று நான் விட்டுவைத்திருந்த பழத்தைக் காணவில்லை.