சொல்லாத கொடை

இணையத்தில் தொடராக வரும் சீன நாவல்களில் மாந்தர்தம் வியத்தகு ஆற்றலே படிப்போரைப் பிணிக்கும் என்பர் சிலர். மோ சியாங் தோங் ஷியூ 2015இல் ஜின்ஜியாங் இணையதளத்தில் தொடங்கிய 'மோ தாவோ சூ ஷி' இக்கருத்தை மறுக்கின்றது.

வெய் வூசியனும் ஜியாங் செங்கும் ஒரு மனையில் உடன்வளர்ந்தோர். ஆற்றலுக்கு மூலமான பொற்கருவை ஜியாங் செங் பகைவரால் இழந்தான். வெய் வூசியன் தன் பொற்கருவையே அவனுக்கு ஈந்து, அதனை மறைத்தான். தன் ஆற்றல் நீங்கவே இறந்தாரை ஏவும் நெறியை மேற்கொண்டான். காரணம் அறியாத ஜியாங் செங் அவனைப் பகைத்தான். பல்லாண்டு கழித்து அவ்வுண்மை வெளிப்பட்டது. எனினும், வெய் வூசியனைக் காக்கவே பகைவரைத் தன்பால் ஈர்த்துத் தான் அகப்பட்டதை ஜியாங் செங் இறுதிவரை கூறவில்லை.

லான் வாங்ஜிபால் வெய் வூசியன் கொண்ட காதல், பலர் அறிய உரைக்கப்பட்டு நிறைவுறுகின்றது. இவ்வுடன்பிறப்பன்போ உரைக்கப்படாமையாலேயே நெஞ்சில் நிற்கின்றது. கூறியிருப்பின் கணக்குத் தீர்ந்திருக்கும். இருவர் கொடையையும் ஒருங்கே அறிந்தவர் ஜியாங் செங்கும் படிப்போருமே. அவர் சுமக்கும் அவ்வறிவே இவ்வுறவின் உயிர். ஆற்றல் வியப்பைத் தரும்; அடக்கிய சொல்லே இரக்கத்தைத் தரும்.