ஆவணமும் மன்றாட்டும்: சுந்தரர் வேண்டுதலின் அடிப்படை

சுந்தரர் பதிகங்களில் ஒலிக்கும் உரிமைக்குரலைத் 'தம்பிரான் தோழர்' என்னும் பெயர்கொண்டு தோழமை நெறியாக விளக்குவது மரபு. எனினும், அவர் துன்புற்று மன்றாடும் பதிகங்களை நோக்கின், அவ்வுரிமைக்கு அடிப்படை தோழமையினும் அடிமைத்திறமே என்பது புலனாகும். இக்கட்டுரை அதனை நிறுவ முயல்கிறது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில், முதியவராய் வந்த இறைவன் ஓலை காட்டிச் சுந்தரரை வழக்கில் வென்றதாகப் பெரியபுராணம் கூறும். இது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் புனைவு மட்டுமன்று. பழைய ஆவணம் காட்டித் தம்மை ஆட்கொண்டதைத் திருநள்ளாற்றுப் பதிகத்தில் சுந்தரரே குறிப்பிடுகிறார். ஈண்டுக் கருதத்தக்கது, அருள் வேண்டுதலுக்கு முந்தியது என்பதாம். சுந்தரர் கேட்கவில்லை, மறுத்தார், ஓலையைக் கிழித்தார். அவர் கேளாமலே வந்தது அருள்.

திருவொற்றியூரில் சங்கிலியார்க்கு அளித்த உறுதியை மீறிக் கண்ணிழந்தபின் இவ்வுறவு சோதனைக்குள்ளாகிறது. திருவெண்பாக்கத்தில் அவர் வேண்டியது பார்வை, பெற்றது ஊன்றுகோல். கேட்டது கிட்டாமை அவரைத் தளர்த்தவில்லை; வேண்டுதல் தொடர்கிறது. காஞ்சியில் ஒரு கண் பெற்று ஆரூரை அடைந்தவர், மற்றைக் கண்ணுக்காகச் சினந்து பாடுகிறார்.

அத்திருவாரூர்ப் பதிகத்தின் சொல்லாட்சி நுணுகி நோக்கற்குரியது. விற்றல், ஒற்றி ஆகிய ஆவண வழக்குச் சொற்களை அவர் கையாளுகிறார். தம்மை விற்கும் உரிமையும் இறைவனுக்கு உண்டு, தாம் ஒற்றிப்பொருள் அல்லர், விரும்பியே ஆட்பட்டவர் என்கிறார். வெண்ணெய்நல்லூரில் மறுத்த அடிமையை ஆரூரில் தாமே உரிமையாகக் கோருகிறார். ஆளை ஓலையால் பிணித்தவர் ஆண்டான். எனவே ஆளின் துயரைக் கேட்டும் வாளாவிருத்தல் ஆண்டானுக்கே பழியாகும் என்பது அவரது வாதம். அடிமையைப் பிணித்த ஓலை ஆண்டானையும் பிணிக்கிறது.

இறைவன் செவிசாய்ப்பான் என்னும் சுந்தரரின் நம்பிக்கை, கேட்டவை கிடைத்ததால் விளைந்ததன்று. அவ்வாறாயின் வெண்பாக்கத்து ஊன்றுகோலோடு அது முடிந்திருக்கும். உறவு முறியாது என்னும் தெளிவே அதன் வேர். ஆதலின், கண்பெற்ற அற்புதத்தை மட்டும் முதன்மைப்படுத்தும் வாசிப்பு, ஊன்றுகோல் ஊன்றி நடந்த இடைவழியைக் காணத் தவறுகிறது. சுந்தரரின் வேண்டுதல் தன் முழு வலிமையைப் பெற்றது அவ்வழியிலேயே எனலாம்.