அறையாமல் அழுத்தும் எழுத்து

ரெமிங்டன் நாய்ஸ்லெஸ் தட்டச்சுப்பொறியின் அமைதி, சத்தத்தைப் போர்த்தி மூடியதால் வந்ததல்ல. அசைவையே மாற்றியதால் வந்தது. மற்ற பொறிகளில் எழுத்துக்கம்பி விருட்டென்று எழும்பித் தாளில் அறையும். இதிலோ நெம்புகோல்கள் அதைத் தாளின் பக்கம் வரை தள்ளிக்கொண்டு வருகின்றன. மிச்சமிருக்கும் மயிரிழைத் தூரத்தைச் சிறு எடையொன்றின் உந்தம் கடத்திவிடுகிறது. எழுத்து பதிகிற சத்தம், கெட்டி அட்டைப் புத்தகத்தை மெத்தைமேல் வைத்தாற்போல மெத்தென்று இருக்கும். முழு மௌனமில்லையே என்றால், உண்மைதான்: தாளைத் தாங்கிய வண்டி நகரும் ஓசையும் வரிமுடிவு மணியும் இருக்கத்தான் செய்யும். அவை உறுத்துவதில்லை.

எழுத்து மங்குகிறது, கார்பன் நகல் தெளிவில்லை என்பது இதன்மேல் வரும் பெரிய புகார். நகல் விஷயத்தில் அது நியாயமே. மென்மையான அழுத்தத்துக்குக் கொடுக்கும் விலை அது. ஆனால் மங்கலுக்கெல்லாம் அமைப்பையே பழிப்பது சரியல்ல. ஆண்டுக்கணக்கில் தேங்கிய எண்ணெய் பிசினாகி மூட்டுகளைப் பிடித்துக்கொள்ள, எடை சோம்பிவிடுகிறது. ரப்பர் உருளையும் இறுகிச் சுருங்கிப்போகிறது. அதனால் எழுத்துக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அறைகிற பொறி அந்த இடைவெளியை வேகத்தால் சமாளித்துவிடும். அழுத்துகிற பொறியால் முடியாது. விசையை ஓங்கிக் குத்தினால் சத்தம்தான் கூடும். சிறு தூரிகையில் கரைப்பானைத் தொட்டு, மூட்டு மூட்டாகப் பிசினைக் கரைத்து, உருளைக்குப் புது ரப்பர் போட்டு, இடைவெளியைச் சிறுகச் சிறுகச் சரிசெய்யும் பொறுமைக்குத்தான் இது வசப்படும். அதன்பின் முற்றுப்புள்ளி தாளைத் துளைக்காமல் கருகருவென்று உட்காரும்.