ஏவலும் முன்னிலையும்: ரிமோட் யார் கையில்?

டி.வி.க்கு ஒன்று, செட்-டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என்று ரிமோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எது எதற்கு என்று தடுமாற வேண்டாம். கையில் இருக்கிற செல்போனே எல்லாவற்றுக்கும் ரிமோட். இந்த வசதி நம் வீடுகளுக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. 'இதுக்கெல்லாமா ஒரு கட்டுரை?' என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. சாதி, நிலம், மதவெறி என்று எழுத எவ்வளவோ கிடக்கும்போது ரிமோட்டைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்துச் சொகுசு என்பது அவர்கள் கட்சி. அதிகாரம் கோட்டையிலும் காவல் நிலையத்திலும் மட்டும் குடியிருப்பதில்லை, அன்றாடத்தின் நுண்ணிய உறவுகளில்தான் அது புழங்குகிறது என்று ஃபூக்கோவை முன்வைத்து நாம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். பேசியதைக் கூடத்தில் கிடக்கும் ஒரு பொருளின் மேல் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

முதலில் சொல். 'ரிமோட் கண்ட்ரோல்' என்பதில் 'ரிமோட்'டை மட்டும் வைத்துக்கொண்டு 'கண்ட்ரோலை' உதறிவிட்டது நம் பேச்சுத் தமிழ். தொலைவு நின்றது, கட்டுப்பாடு மறைந்தது. மறைந்துபோன இந்தப் பாதியைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. விசாரிக்க நம் இலக்கணமே ஒரு கருவி தருகிறது. ஏவல் வினைமுற்று முன்னிலைக்கு மட்டுமே உரியது என்பது பாலபாடம். எதிரில் இருப்பவரைப் பார்த்துத்தான் 'வா', 'போ' என்று ஏவ முடியும். பழைய ரிமோட் இந்த இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது. அதன் நுனியிலிருந்து கிளம்பும் அகச்சிவப்பு ஒளி சுவரைத் துளைக்காது; பெட்டியை நோக்கி நீட்ட வேண்டும், குறுக்கே ஆள் நின்றால் 'கொஞ்சம் நகரு' என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் முக்கியம். அது ஒருவழிப் பேச்சு. ரிமோட் சொல்லும், பெட்டி கேட்கும், அத்துடன் சரி. யார் அமுக்கினார், எத்தனை மணிக்கு, எதை விட்டு எதற்கு ஓடினார் என்பது எதுவும் அந்த ரிமோட்டுக்கு நினைவில்லை. மறதிதான் அதன் நற்குணம்.

இந்தக் கருவியின் பிறப்பிலேயே ஒரு அரசியல் உண்டு. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் கம்பியால் இணைத்த ரிமோட் ஒன்றை விற்றது. 'சோம்பேறி' என்று பொருள்படும் பேரையே அதற்கு வைத்தார்கள். 1955இல் யூஜின் பாலி ஒளிக்கற்றையால் இயங்கும் கம்பியில்லாத ரிமோட்டை உருவாக்கினார். வெயில் பட்டாலும் பெட்டி உத்தரவு என்று எடுத்துக்கொண்டது. 1956இல் ராபர்ட் ஆட்லரின் கருவி, அலுமினியத் தண்டுகளைத் தட்டி, காதுக்கு எட்டாத ஒலியால் பெட்டியை ஏவியது. அதற்கு பேட்டரியே தேவைப்படவில்லை. 1980களில் அகச்சிவப்பு பரவலாயிற்று. இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது, ஜெனித்தின் தலைவர் விளம்பரங்களை வெறுத்தவர் என்பது. தொல்லை தரும் விளம்பரத்தின் வாயை அடைக்கலாம் என்று சொல்லியே 1955இன் ரிமோட்டை விற்றார்கள். அதாவது, பார்வையாளர் கையில் கிடைத்த ஒரு சின்ன மறுப்பாக அது வந்தது. இன்று இலவச ரிமோட் செயலி ஒன்றைப் போனில் இறக்கிப் பாருங்கள். பொத்தான்களுக்குக் கீழேயே விளம்பரம் ஓடும். விளம்பரத்தை அடக்க வந்த கருவியே விளம்பரப் பலகையாகிவிட்டது.

செல்போன் ரிமோட்டில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, போனிலேயே அகச்சிவப்பு விளக்கு வைத்தது. 2013இல் சாம்சங், எச்டிசி போன்களில் வந்தது. சாம்சங் தன் முதன்மை வரிசையில் 2016இல் கைவிட்டது. ஷியோமி போன்ற சில நிறுவனங்களின் போன்களில் இன்னும் இருக்கிறது. இது பழைய ஏவலின் தொடர்ச்சி. ஸ்மார்ட் டி.வி.யோடு வந்த இரண்டாவது வகை வைஃபை வழியாகப் பேசுவது. இதற்கு எதிரில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டியோடு ஜோடி சேர்க்க வேண்டும், பல சமயம் ஒரு கணக்கைத் திறந்து உள்ளே நுழைய வேண்டும், அதற்கு முன் யாரும் படிக்காத நிபந்தனைகளுக்கு 'சம்மதம்' என்று விரல் வைக்க வேண்டும். இங்கே பேச்சு இருவழியாகிறது. முன்னிலையும் தன்மையும் மட்டும் இருந்த இடத்தில் படர்க்கை ஒன்று வந்து உட்காருகிறது. நாம் பெட்டியை ஏவுகிறோம். நாம் ஏவியதை வேறொருவர் குறித்துக்கொள்ள வழி பிறக்கிறது. இது வெறும் ஊகமில்லை. வீஸியோ நிறுவனம் சுமார் 1 கோடியே 10 லட்சம் டி.வி.க்களிலிருந்து, பார்ப்பவர் ஒப்புதல் இல்லாமலே, நொடிக்கு நொடி என்ன பார்க்கிறார்கள் என்று சேகரித்த வழக்கை 2017இல் 22 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

கில் தெல்யூஸ் 1990இல் 'கட்டுப்பாட்டுச் சமூகங்கள்' பற்றி எழுதிய சிறு கட்டுரையில் கத்தாரி கற்பனை செய்த ஒரு நகரத்தைக் குறிப்பிடுகிறார். அங்கே ஒவ்வொருவரும் தம் மின்னணு அட்டையால் தடுப்பைத் திறந்துகொண்டு போகலாம். அதே அட்டை ஒருநாள் மறுக்கப்படவும் கூடும். முக்கியம் தடுப்பு அல்ல, ஒவ்வொருவரின் இருப்பிடத்தையும் பின்தொடரும் கணினிதான் என்கிறார். அந்த அட்டை இப்போது ரிமோட் வேஷத்தில் நம் சட்டைப்பையில் இருக்கிறது.

இந்தப் படர்க்கை நிறுவனம் மட்டும்தான் என்று நிறுத்திக்கொண்டால் நம் விமர்சனம் பாதியில் நின்றுவிடும். வீட்டுக்குள்ளேயே ஒரு அதிகாரம் இருக்கிறது. டேவிட் மார்லி 1986இல் தெற்கு லண்டனின் 18 குடும்பங்களை ஆய்ந்து எழுதிய நூலில், ரிமோட் பெரும்பாலும் அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில்தான் இருந்தது என்று காட்டினார். ஆன் கிரே, வீட்டுச் சாதனங்களை இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறம் பிரித்துப் பார்க்கச் சொன்னபோது ரிமோட்டுக்கு விழுந்தது ஆண்களின் நீலத்திலேயே ஆக அடர்ந்த நீலம். ஆனாலும் அந்தப் பழைய ரிமோட் ஒரு பொதுப்பொருள். அப்பா வெளியே போனால் நாற்காலியில் கிடக்கும். அம்மா எடுப்பாள், பாட்டி எடுப்பாள், பிள்ளைகள் அடித்துக்கொண்டு பிடுங்குவார்கள். அதிகாரம் இருந்தது, அதைப் பிடுங்கவும் வழி இருந்தது.

போன் பொதுப்பொருள் அல்ல. பூட்டுப் போட்டது, ஒருவருக்கே உரியது. அவர் வெளியே கிளம்பினால் ரிமோட்டும் கிளம்பிவிடும். 2006இல் தொடங்கி தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அதன் தேர்தல் அரசியலை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். ஆனால் பண்ணையார் வீட்டு வாசலில் நின்று டி.வி. பார்த்தவர்களின் குடிசைக்குள் பெட்டி வந்தது என்பதையும், பொத்தானை அமுக்கும் உரிமை கூடவே வந்தது என்பதையும் மறுக்க முடியாது. அந்த உரிமை இப்போது போன் வைத்திருப்பவரின் உரிமையாகச் சுருங்குகிறது. 2019-21இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தாமே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள், 15 முதல் 49 வயதுக்குள், நூற்றுக்குச் சுமார் 54 பேர். ஸ்மார்ட்போன் என்று கேட்டால் இன்னும் குறையும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் டி.வி.யோடு வந்த ரிமோட் கெட்டுப்போனது. 'போன்லயே போட்டுக்கலாம், எதுக்குத் தண்டச் செலவு?' என்று மகன் புதுசு வாங்கவில்லை. அவன் வேலைக்குப் போனபின் அந்த அம்மாவுக்குப் பகல் முழுக்கக் கறுப்புத் திரைதான். யாரும் அவரிடம் 'பார்க்காதே' என்று சொல்லவில்லை. தடை போடாமலே தடுத்துவிடும் அதிகாரத்துக்கு இதைவிட எளிய உதாரணம் என்னிடம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விரல் அசைக்க முடியாதவருக்குக் குரலால் ஏவும் போன் ஒரு விடுதலை. திரையை வாசித்துக் காட்டும் வசதி பார்வையற்றவருக்குப் பயன்படும். ஆனால் எல்லோருக்கும் கண்ணாடிதான் என்று ஆகும்போது, ரிமோட்டில் 5ஆம் எண்ணின் மேல் இருக்கும் சிறு புடைப்பைத் தடவி இருட்டிலும் வழி கண்ட விரல்களுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. ஆகவே நான் தொழில்நுட்பத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே கருவி எல்லாவற்றுக்கும் என்பதை எல்லோருக்கும் என்று நாம் வாசித்துவிடக் கூடாது என்கிறேன். எல்லாப் பெட்டிகளையும் ஒரு கைக்குள் கொண்டுவருவது ஒன்று, ஒரு பெட்டியை எல்லாக் கைகளுக்கும் கொடுப்பது வேறொன்று.

கேட்க வேண்டியவை சாதாரணமானவை. கணக்குத் திறக்காமலே டி.வி. இயங்க வேண்டும். பொத்தான் உள்ள ரிமோட் பெட்டியோடு வர வேண்டும், கெட்டால் மலிவாகக் கிடைக்க வேண்டும். என்ன பார்க்கிறோம் என்று குறிக்கிற ஏற்பாடு, நாம் திறக்கும்வரை மூடியே இருக்க வேண்டும். இதையெல்லாம் நிறுவனங்களிடமும் அரசிடமும் கேட்கலாம், கேட்போம். அதற்கு முன்னால் நம் வீட்டுக்குள் கேட்க ஒன்று உண்டு: நாம் கூட்டத்துக்குக் கிளம்பிப் போன பிறகு, வீட்டில் இருப்பவர் அந்தப் பெட்டியைப் போட முடிகிறதா? முடியாதென்றால் போகிற வழியில் ஒரு ரிமோட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவோம், தோழர்களே.